கிரிப்பில் பேர் விழுந்தால் என்ன செய்வது?

(இலுப்பைக்கடவைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தோட்டத்து லயத்திலும் சரி, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து நம் சனம் குடியேறிய இந்த வன்னியிலும் சரி, பெண்களைக் கிழமைக்குக் கிழமை வாட்டுவது குழுக் கடன். ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன் எடுக்கிறோம். கடைசியில் வங்கிக்குப் போனால், "உங்கள் பேர் கிரிப்பில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டியவர்களின் விவரமும் அங்கே இருக்கிறது. வங்கிகளும் கம்பனிகளும் அனுப்புவதைத்தான் பணியகம் பதிந்து வைக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி. ஆகவே, "காசு தாருங்கள், பேரை வெட்டித் தருகிறோம்" என்று வரும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை இவை.

முதலில், உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை. எப்படி எடுப்பதென்று அடையாள அட்டையோடு போய் உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். மற்றவருக்குப் பிணை நின்ற கடனும் அதில் வரும், அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கட்டி முடித்த கடன் நிலுவை என்று இருந்தால், பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பணியகத்துக்கும் அறிவியுங்கள். திருத்தி அனுப்ப வேண்டியது அந்த நிறுவனம்தான்.

2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்நிதிக் கடன்களை, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தால் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. மன்னாரும் அந்த 12இல் ஒன்று. அதில் அடங்கியவர்கள் தங்கள் கணக்கு மூடப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது, உண்மையிலேயே நிலுவை இருந்தால் ஒளிய வேண்டாம். இயன்ற தொகையைச் சொல்லித் தவணையை மாற்றக் கேளுங்கள். உடன்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். அதை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். கட்டி முடித்ததும் கடன் தீர்ந்த கடிதம் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவு ஒரே நாளில் மறையாது. ஆனால் தவறாமல் கட்டும் ஒவ்வொரு தவணையும் அதே அறிக்கையில் ஏறும்.

நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

முறைப்பாடு எழுதத் தெரியவில்லை என்று யாரும் வீட்டில் இருக்க வேண்டாம். கடன் புத்தகத்தையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள், கூட இருந்து எழுதுவோம். குழுவாகக் கடன்பட்ட நாம், குழுவாகவே வெளியே வருவோம்.