விளையாட்டு வீரரும் வாக்குரிமையும்

கல்முனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையூர்களில் பிரதிநிதி என்பது புதிய சொல்லன்று. சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களிலே தாய்வழியாக வரும் குடிகள் பல உள. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் இடம்பெறுவது இப்பகுதியின் பழைய வழக்கம். குடியினரின் குறையைச் சபைக்கு எடுத்துச் செல்வதும், சபையின் முடிவைக் குடியினருக்கு எடுத்துரைப்பதும் மரைக்காயரின் கடமை. வயற்காரர்களின் வழக்கமும் இதனை ஒத்ததே. பெரும்போகத்துக்கு முன் கூடும் ஆரம்பக் கூட்டத்தில், எந்நாளில் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பவை வயலில் இறங்குவோரின் முன்னிலையிலேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. வயற்காரர் இல்லாத ஒரு கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைக் குறித்தால் அதனை ஊர் ஏற்காது.

இந்த எளிய நியாயம் விளையாட்டுத் துறைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ வேறெந்த ஊர்த் திடலிலோ பந்துதைக்கும் இளைஞன் ஆட்டத்தின் விதிகளுக்குப் பணிகிறான். அவ்விதிகளை வகுப்பவர், போட்டிகளின் நாளைக் குறிப்பவர், அணியைத் தெரிபவர், பணத்தைப் பங்கிடுபவர் ஆகிய எவரையும் அவன் தெரிவு செய்ததில்லை. உலகெங்கும் நிலைமை இதுவாகவே இருந்தது. ஆடுபவன் களத்தில், ஆள்பவன் மண்டபத்தில். இரண்டுக்கும் இடையே கதவு ஒன்று இருந்ததாகவே பலருக்குத் தோன்றவில்லை.

இதனால் விளையும் தீங்கு யாதென அறிய, இவ்வூர்ப் பெண்பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணமே போதும். 2011 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில், ஒலிம்பிக் தகுதிகாண் உதைபந்தாட்டப் போட்டியொன்றில் ஆட வந்த ஈரான் நாட்டுப் பெண்கள் அணி, தலையை மூடிய ஆடை அணிந்திருந்தமையால் ஆட அனுமதிக்கப்படவில்லை. கண்ணீரோடு அவர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினர். அவ்விதியை வகுத்த சபையிலே தலைமறைத்து ஆடும் பெண் ஒருத்தியும் இருந்ததில்லை. அப்போது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உப தலைவராய் விளங்கிய ஜோர்தான் இளவரசர் அலி அவர்களின் வழக்கைச் சபைக்கு எடுத்துச் சென்றார். 2012 இல் பரீட்சார்த்தமாகவும், 2014 இல் நிலையாகவும் தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. கூடைப்பந்தாட்டத்தில் அவ்வனுமதி கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில், 2014 இல் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், கட்டார் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி இதே காரணத்தால் போட்டியிலிருந்து விலகியது. நல்லுள்ளம் படைத்த ஓர் இளவரசர் பேசினார் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், தம் நியாயத்தைத் தாமே எடுத்துரைக்க ஓர் ஆசனம் அப்பெண்களுக்கு இருந்திருப்பின், இத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்குமா?

அத்தகைய ஆசனம் ஒலிம்பிக் இயக்கத்தில் பிறந்த கதை 1981 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் கூடிய ஒலிம்பிக் மாநாட்டிலே விளையாட்டு வீரர்கள் முதன்முறையாகப் பங்குபற்றிப் பேசினர். ஓட்டவீரர் செபஸ்தியன் கோ, வாள்வீச்சு வீரர் தோமஸ் பாக் முதலியோர் அவர்களுட் சிலர். அதன் பயனாகச் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் வீரர் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் மேலிடத்தாரால் நியமிக்கப்பட்டவர்களே. நியமனம் பெற்றவர் எத்துணை நல்லவராயினும், தம்மை நியமித்தவரை எதிர்த்துப் பேசும்போது நாக்குச் சற்றே தயங்குதல் இயல்பு. 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக் விழாவிலேதான் வீரர்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே வாக்களித்துத் தெரிவு செய்தனர். 1999 ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட சீர்திருத்தத்தின் பின், அவ்வாறு தெரிவாகும் வீரர் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராகவும் அமர வழி பிறந்தது. ஒலிம்பிக் கிராமத்திற் கூடும் வீரர்கள், பதக்கம் வென்றவரும் முதற் சுற்றிலே தோற்றவரும் ஒரே மதிப்புள்ள வாக்கை அளிக்கின்றனர்.

இவ்வாசனம் வெறும் அலங்காரமன்று என்பதற்கு சிம்பாப்வே நாட்டு நீச்சல் வீராங்கனை கேர்ஸ்டி கொவென்றியின் வாழ்க்கை சான்று. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவின்போது அவர் இத்தேர்தலில் நின்றார். கூடுதல் வாக்குப் பெற்ற ஜப்பானியர் ஒருவரும் தாய்வான் நாட்டவர் ஒருவரும் தேர்தற் பிரசார விதிகளை மீறினர் எனத் தகுதி நீக்கப்பட்டனர்; விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2013 இல் கொவென்றி தம் ஆசனத்தைப் பெற்றார். 2018 இல் ஆணைக்குழுவின் தலைவரானார். 2025 மார்ச் 20 ஆம் திகதி சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராகவே தெரிவாயினார். அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணியும், ஆபிரிக்கக் கண்டத்தின் முதல்வரும் அவரே. வீரரின் வாக்கினால் திறந்த ஒரு சிறு கதவு எதுவரை கொண்டு செல்லும் என்பதை இது காட்டுகின்றது. தேர்தல் ஒழுங்கை மீறினால் புகழ்பெற்ற வீரரும் விலக்கப்படுவர் என்பதும் இதில் அடங்கிய பாடமே.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. சென்னையில் வளர்ந்து, தந்தையாரிடமும் சிறிய தந்தையாரிடமும் பயிற்சி பெற்ற மேசைப்பந்தாட்ட வீரர் அச்சந்த சரத் கமல், இந்திய தேசியச் சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை வென்றவர். 2006 இல் மெல்பேர்ன் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கத்தை வென்ற அவர், பதினாறு ஆண்டுகளின் பின், தம் நாற்பதாவது வயதில், பர்மிங்ஹாம் நகரில் அதே தங்கத்தை மீண்டும் வென்றார். அவ்விழாவில் அவருக்குக் கிடைத்த தங்கப் பதக்கங்கள் மூன்று.

அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில் சரத் கமல் மற்றொரு களத்தில் இறங்கினார். சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் வீரர் ஆணைக்குழுவுக்கு நடந்த தேர்தலில் அவர் வேட்பாளராக நின்றார். வாக்களித்தவர்கள் பல நாட்டு ஆட்டவீரர்கள். ருமேனியாவின் எலிசபெத்தா சமாரா 212 வாக்குகளைப் பெற்று முதலிடம் அடைய, 187 வாக்குகளைப் பெற்று இரண்டாம் இடத்தில் தெரிவானார் சரத் கமல். இந்தியாவிலிருந்து அவ்வாணைக்குழுவுக்குத் தெரிவான முதல் வீரர் அவரே. இவ்வெண்ணிக்கையிலே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. மேசையின் எதிர்ப்புறத்தில் நின்று அவரிடம் தோற்றவர்களும், அவரைத் தோற்கடித்தவர்களும் அந்த வாக்காளர்களுள் அடங்குவர். வேற்று மொழி பேசும் வேற்று நாட்டவர் ஒருவருக்கு எதிராளி மனமுவந்து வாக்களிப்பது அவரது நேர்மையில் வைத்த நம்பிக்கையினாலன்றி வேறெதனாலும் ஆகாது. ஆட்டத் திறமை ஒருவரை யாவருக்கும் அறிமுகப்படுத்தலாம். பிரதிநிதி ஆக்குவது இருபது ஆண்டுகளாய் அவர் சக வீரரோடு பழகிய முறையே.

ஆயினும் தேர்தல் என்ற பெயர் இருந்தால் மட்டும் எல்லாம் நிறைவேறிவிடும் எனக் கொள்ளலாகாது. அதே 2022 நவம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கமும் வீரர் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் தலைவராகவும், சரத் கமல் உப தலைவராகவும் வந்தனர். சென்னை வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியும் அதில் இடம்பெற்றார். பத்துப் பேரும் போட்டியின்றியே தெரிவாயினர். சோதனை விரைவிலே வந்தது. 2023 ஜனவரியில் புகழ்பெற்ற மல்யுத்த வீரர்கள் டெல்லி மாநகரில் வீதியோரத்தில் அமர்ந்து, தம் சம்மேளனத்தின் தலைவர் பெண் வீரர்களிடம் தகாத முறையில் நடந்தார் எனக் குற்றஞ்சாட்டினர். அவர் அதனை மறுத்தார். அரசு மேரி கோமின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை வெளியிடப்படவில்லை என மனங்குறைந்த வீரர்கள் ஏப்ரல் மாதத்தில் மீண்டும் வீதிக்கு வந்தனர். வீரருக்கென ஓர் ஆணைக்குழு இருக்கவும், வீரர் வீதியை நாட நேர்ந்தது ஏன் என்ற வினா எழுந்தது. ஆசனம் இருப்பது ஒன்று. அவ்வாசனத்துக்கு அதிகாரம் இருப்பது வேறொன்று. 2025 இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிருவாகச் சட்டம், ஒவ்வொரு விளையாட்டுச் சம்மேளனத்தின் நிறைவேற்றுக் குழுவிலும் சிறப்புப் பெற்ற வீரர் இருவரேனும் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. சட்டத்தின் பயன் அதனைக் கையாள்வோரைப் பொறுத்தது.

இலங்கையிலும் நிருவாகம் பிழைத்தபோது தண்டனையை அனுபவித்தவர் ஆட்டவீரரே. விளையாட்டுச் சங்கங்களின் பதிவையும் தேர்தலையும் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அமைச்சின் அதிகாரம் எதுவரை, சங்கத்தின் சுதந்திரம் எதுவரை என்பதில் எழுந்த பிணக்கினால், 2023 ஜனவரி 21 ஆம் திகதி சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் 28 ஆம் திகதியே அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சாம்பியன் போட்டியில் இலங்கை அணிக்கு இடமில்லாது போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் நிருவாகமும் சர்வதேசக் கவுன்சிலால் இடைநிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் மீண்டது. தேர்தல் முறையைப் பற்றி வழக்காடியவர்கள் நிருவாகிகள். ஓர் ஆண்டின் போட்டியை இழந்தவனோ, இருபத்தைந்து வயதில் உச்ச நிலையில் நின்ற ஆட்டக்காரன். நிருவாகிக்கு மறு தேர்தல் வரும். அவனுக்கு அந்த வயது மறுபடியும் வாராது.

ஆகவே இவ்விடயம் கொழும்பிலோ சுவிற்சர்லாந்திலோ மட்டும் பேசித் தீர்ப்பதற்குரியதன்று. கடற்கரையூர் ஒவ்வொன்றிலும் விளையாட்டுக் கழகங்கள் உள்ளன. கழகத்திலிருந்து லீக்குக்கும், லீக்கிலிருந்து தேசிய சம்மேளனத்துக்கும் வாக்குச் சங்கிலி நீள்கிறது. முதற் கண்ணி கழகத்தின் பொதுக் கூட்டமே. அக்கூட்டத்தில் ஆடும் வீரர்கள் வருகிறார்களா? நிருவாகக் குழுவில் அவர்கள் தெரிவு செய்த ஒருவர் இருக்கிறாரா? பெண்பிள்ளைகளின் பயிற்சி நேரத்தையும் உடையையும் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணின் கருத்துக் கேட்கப்படுகிறதா? கணக்கு வாசிக்கப்படும்போது காயமுற்ற வீரரின் வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண எந்தச் சட்டமும் காத்திருக்க வேண்டியதில்லை.

அவ்வாறு நிற்க முன்வரும் வீரரிடம் மூன்று பண்புகளைச் சக வீரர் எதிர்பார்ப்பது நியாயம். தம் கழகத்தின் நலனை மட்டுமன்றி எதிர்க் கழகத்து வீரனின் குறையையும் எடுத்துப் பேசுதல் முதலாவது. தேர்தலில் விருந்தும் வாக்குறுதியும் கொண்டு வாக்குத் தேடாமை இரண்டாவது. தெரிவான பின் கூட்டத்தில் நடந்ததை மீண்டும் வந்து வீரர்க்குச் சொல்லுதல் மூன்றாவது. மூன்றாவதே மிகக் கடினமானது. பலர் தவறுவதும் அங்கேதான். குடியின் குறையைச் சபைக்குக் கொண்டு சென்ற மரைக்காயர், சபையின் விடையோடு குடிக்குத் திரும்ப வேண்டும் என்பதை இவ்வூர் மக்கள் நன்கு அறிவர். அவ்வழக்கம் பள்ளிவாசற் சபையில் எங்ஙனம் போற்றப்படுகிறதோ, அங்ஙனமே மைதானத்திலும் போற்றப்படல் வேண்டும். இப்பகுதியில் இன்று பாடசாலை அணியில் ஆடும் பிள்ளை ஒன்று, நாளை நாட்டின் வீரர் அனைவருக்கும் பிரதிநிதியாக வாக்குக் கேட்டு நிற்கக்கூடும். அப்பிள்ளைக்கு வேண்டிய முதற் பயிற்சி, தன் கழகத்தின் பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று, அஞ்சாமல், அளவோடு, உண்மையைப் பேசப் பழகுவதேயாகும்.