ஸ்டீபன் கிங்கின் எண்பதுகள்: ஒரு குமாஸ்தாவின் தரவரிசை

நம் சங்கத்தின் வாசகர் வட்டத்தில் பேசியதைச் செய்திமடலுக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அன்று வர முடியாதவர்களுக்கும் சேர்த்து இதோ தருகிறேன். சில கதைகளின் முடிவைச் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரிந்தால் ருசிக்காது என்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்.

நம் வாசிப்பறை அலமாரியில் ஸ்டீபன் கிங் எழுதிய ஆங்கில நாவல்கள் ஒரு வரிசை நிறைய இருக்கின்றன. வெளிநாடு போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. "பிள்ளைகள் வந்துபோகிற இடத்தில் பேய்க்கதை எதற்கு? எடைக்குப் போட்டுவிடலாமே" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மொத்தமாக வை என்றோ தூக்கிப் போடு என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது இருக்க வேண்டும், எதை யார் கையில் கொடுக்கலாம், எது போனாலும் நஷ்டமில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1980 முதல் 1989 வரை வந்தவை மட்டுமே என் கணக்கு. அலமாரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தவை.

கிங் 1947இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் பிறந்தவர். முதல் நாவல் 1974இல் வந்தது. எண்பதுகளில் மட்டும் ஏறக்குறைய இருபது புத்தகங்கள். 1987 ஒரே ஆண்டில் நான்கு! எண்பதுகளின் புத்தகங்களில் சில, ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் வந்தவை. ஒரே எழுத்தாளர் வருடத்துக்கு இத்தனை புத்தகம் போட்டால் விற்காது என்று அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள் நினைத்தார்கள், அதனால் இந்த ஏற்பாடு. 1985இல் குட்டு உடைந்தது. உடைத்தவர் துப்பறிவாளர் அல்ல, வாஷிங்டனில் ஒரு புத்தகக் கடைக் குமாஸ்தா! நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பதிப்புரிமைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஒன்றில் கிங்கின் பெயரே இருந்தது. குமாஸ்தாக்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி என் அளவுகோல். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு சஸ்பென்ஸ் கணக்கு தெரியும். ஒரு தொகை வந்துவிடும், அது எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரியாது. தற்காலிகமாக அந்தக் கணக்கில் வைப்போம். ஆனால் அங்கேயே தங்க விடக்கூடாது. விசாரித்து உரிய கணக்குக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையாளர் விடமாட்டார். கிங்கின் பேய்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். நல்ல புத்தகமாக இருந்தால் முடிப்பதற்குள் அந்தப் பேய் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். துக்கமா, குடியா, கடனா, அண்டை வீட்டுக்காரனின் அலட்சியமா என்று. மோசமான புத்தகத்தில் அது கடைசிப் பக்கம் வரை சஸ்பென்ஸிலேயே கிடக்கும்.

கடைசி இடம் 'தி டாமிநாக்கர்ஸ்' (1987). காட்டில் மண்ணுக்குள் புதைந்த வேற்றுலகக் கப்பல், ஊரார் பல் கொட்டிப் போய், பேட்டரிகளை வைத்து விபரீதக் கருவிகள் செய்கிறார்கள். அது போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மோசமான புத்தகம் என்று கிங்கே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். எடைக்குப் போடுவதானால் இதிலிருந்து தொடங்கலாம்.

'ஃபயர்ஸ்டார்ட்டர்', 'தின்னர்', 'தி ரன்னிங் மேன்' மூன்றும் ரயில் பயணத்துக்கு ஆகும். 'தி டார்க் ஹாஃப்' (1989), புனைபெயர் விவகாரத்திலிருந்து பிறந்தது. யோசனை நன்று, நாவல் சுமார். 'கிறிஸ்டின்' (1983) பேய் பிடித்த 1958 பிளைமவுத் கார். கதை சொல்லும் பையன் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட, நடுப்பகுதியை ஆசிரியரே சொல்ல வேண்டியதாகிறது. பிறகு பையன் திரும்பி வருகிறான். இந்த ஒட்டுவேலை என் கண்ணை உறுத்துகிறது. 'டார்க் டவர்' வரிசைப் புத்தகங்களை நான் சேர்க்கவில்லை, அவை வேறு ஜாதி.

'தி ஐஸ் ஆஃப் தி டிராகன்' பற்றி ஒரு வார்த்தை. தன் பேய்க்கதைகளில் நாட்டமில்லாத மகளுக்காக கிங் எழுதிய ராஜா ராணிக் கதை. கோபுரத்தில் அடைபட்ட இளவரசன், சாப்பாட்டோடு வரும் கைத்துண்டுகளிலிருந்து தினம் சில நூலாக உருவி வருடக்கணக்கில் கயிறு திரிக்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இது கீழ்த்தட்டுக்கு.

'ரோட்வொர்க்' (1981) பாக்மன் பெயரில் வந்தது. பலரும் இதை அடியில் தள்ளுவார்கள், நான் ஆறாம் இடம் தருகிறேன். பேயே கிடையாது. நெடுஞ்சாலை நீட்டிப்புக்காக ஒருவனின் வீடும் அவன் வேலை பார்க்கும் சலவை ஆலையும் இடிபடப் போகின்றன. மாற்று இடம் பார்க்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. அவன் பார்க்கவில்லை. மனைவியிடம் பொய் சொல்கிறான், கெடு தேதிகளைக் கடக்க விடுகிறான். இறந்துபோன மகன் வளர்ந்த வீடு அது என்பது மெதுவாகத்தான் தெரிய வருகிறது. நிலம் எடுப்பு நோட்டீஸ் கையில் வாங்கியவர்களுக்கு இந்தப் புத்தகத்தை விளக்கத் தேவையில்லை. கடைசியில், ஊருக்கு அந்தச் சாலை அப்படியொன்றும் தேவைப்படவில்லை, மேலிருந்து வரும் நிதி நின்றுவிடக் கூடாதே என்றுதான் போட்டார்கள் என்று ஒரு தகவல் போகிற போக்கில் வருகிறது. எனக்கு அதுதான் திகில்.

ஐந்தாம் இடம் 'கூஜோ' (1981). ஒரு பெரிய நல்ல நாய், வவ்வால் கடித்து வெறிபிடித்துவிடுகிறது. பழுதான காருக்குள் ஒரு தாயும் நான்கு வயது மகனும், வெளியே வெயில், நாய். மொத்தத்தில் இவ்வளவுதான் கதை. ஆனால் அவர்களைக் காப்பாற்ற ஏன் யாருமே வரவில்லை என்பதை கிங் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். கணவன் விளம்பரத் தொழிலில் இருக்கிறான், பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போகும் நிலை, அதனால் வெளியூரில் இருக்கிறான். மெக்கானிக்கின் மனைவிக்கு லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது, அவள் மகனைக் கூட்டிக்கொண்டு அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சாதாரண வரவு செலவு. எல்லாம் சேர்ந்து அந்தக் காரை ஊரிலிருந்து துண்டித்துவிடுகின்றன. படத்தில் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. புத்தகத்தில் இல்லை.

இதை எழுதியதே தனக்குச் சரியாக நினைவில்லை என்று கிங், 2000இல் வெளிவந்த 'ஆன் ரைட்டிங்' நூலில் எழுதியிருக்கிறார். அவ்வளவு குடி. பிறகு போதைப்பொருளும். எண்பதுகளின் பின்பாதியில் அவர் மனைவி டபிதா, குடும்பத்தாரையும் நண்பர்களையும் உட்கார வைத்து, கணவரின் எழுத்தறையில் பொறுக்கியதை ஒரு பையிலிருந்து தரை விரிப்பில் கொட்டினார். பீர் டப்பாக்கள், சிகரெட் துண்டுகள், போதைப்பொருள் எல்லாம். குடியை விட்டால் எழுத்தும் போய்விடுமோ என்பதுதான் கிங்கின் பயம்.

எங்கள் கிளையில் ஒரு காசாளர் இருந்தார். "ராத்திரி ரெண்டு ரவுண்டு இல்லேன்னா மறுநாள் எனக்கு எண்ணே ஓடாது சார்" என்பார். கணக்கு ஒரு பைசா பிசகாது, அதனால் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பணி ஓய்வு வரை அவர் இருக்கவில்லை. கிங் விட்டார், விட்ட பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருக்கிறார். 'கூஜோ'வைப் புகழ்கிறவர்கள் குடியைப் புகழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைச்செருகல்.

நான்காம் இடம் 'மிசரி' (1987), இதே கணக்கில் வருவது. விபத்தில் கால்கள் நொறுங்கிய எழுத்தாளரை ஆனி வில்க்ஸ் என்ற முன்னாள் நர்ஸ் தன் வீட்டில் அடைத்துவைத்து, மாத்திரைக்குப் பழக்கி, தனக்குப் பிடித்த நாவலை எழுத வைக்கிறாள். ஆனி என்பது தன் போதைப் பழக்கம்தான் என்று கிங் பிற்பாடு சொன்னார். சஸ்பென்ஸ் கணக்கை இதைவிடச் சுத்தமாகத் தீர்க்க முடியாது. எழுத்து எழுத்தாக உதிர்கிற அந்தப் பழைய தட்டச்சுப் பொறியை, தட்டச்சுத் தேர்வு எழுதிய நம் வயதுக்காரர்கள் ரசிப்பார்கள். கோடாலி வரும் பக்கத்தை மட்டும் சாப்பிட்ட கையோடு படிக்க வேண்டாம்.

மூன்றாவது 'இட்' (1986), ஆயிரம் பக்கத்துக்கு மேல். டெர்ரி என்ற ஊரில் இருபத்தேழு ஆண்டுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று விழித்துக் குழந்தைகளைத் தின்கிறது. கோமாளி வேஷத்தில் வருவதால் எல்லோரும் கோமாளியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. ஒரு சிறுமியை முரட்டுப் பையன்கள் துரத்துகிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பார்க்கிறார். எழுந்து, செய்தித்தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறார். அவ்வளவுதான். சாக்கடைக்குள் இருப்பது அந்த ஊரில் அத்தனை காலம் பிழைத்ததற்குக் காரணம் இந்த மனிதர்தான். குடியிருப்போர் சங்கங்களுக்கென்று கிங் எழுதிய பக்கம் அது என்று நினைத்துக்கொள்கிறேன். இதற்கு முதலிடமே கொடுத்திருப்பேன். ஆனால் முடிவை ஒட்டி அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு காட்சி வருகிறது, அதை அவர் எழுதியிருக்கவே கூடாது. அந்த அம்மா கேட்ட கேள்வி இந்தப் புத்தகத்துக்கு முழுக்கப் பொருந்தும். சிறுவர்களுக்குக் கிடையாது.

இரண்டாவது 'டிஃபரென்ட் சீசன்ஸ்' (1982), நான்கு குறுநாவல்கள். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படம் பார்க்காதவர்கள் இங்கே குறைவு, அதன் மூலக்கதை இதில்தான் இருக்கிறது. செய்யாத கொலைக்குச் சிறை போகும் ஆண்டி டூஃப்ரேன் ஒரு வங்கி அதிகாரி. தார் பூசிக்கொண்டிருக்கும் மொட்டை மாடியில், ஒரு காவலாளி தனக்குச் சொத்து வந்து வரி தின்னப் போகிறதே என்று புலம்ப, மனைவிக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுத்தால் வரி இல்லை என்று இவன் குறுக்கே பேசுகிறான். இன்னொரு நொடியில் மாடியிலிருந்து தள்ளப்பட்டிருப்பான். கூலியாகக் கேட்டது, உடன் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கு மூன்று பீர். வரிச் சட்டம் தெரிந்ததால் உயிர் பிழைத்த கதாநாயகனை வேறெங்கே பார்த்தோம்? நம் இனத்தான் என்பதால் எனக்குப் பாரபட்சம் வந்துவிடுமோ என்று ஒரு மதிப்பெண் குறைத்தேன். இரண்டாமிடம் அப்படித்தான் வந்தது. இதே தொகுப்பில் 'தி பாடி' பதினைந்து வயதுக்கு மேல் படிக்கலாம். 'ஆப்ட் ப்யூப்பில்' பெரியவர்களுக்கு மட்டும்.

முதலிடம் 'பெட் செமட்டரி' (1983). கிங் குடும்பம் மேய்னில் லாரிகள் ஓயாமல் ஓடும் ஒரு சாலையோரம் ஓராண்டு வாடகைக்கு இருந்தது. மகளின் பூனை அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தது. வீட்டுக்குப் பின்னால், ஊர்ப்பிள்ளைகள் வளர்ப்புப் பிராணிகளைப் புதைக்கும் இடம். பெயர்ப் பலகையில் எழுத்துப்பிழை, அதுவே தலைப்பு. ஒருநாள் சின்ன மகன் சாலையை நோக்கி ஓடினான். பிடித்துவிட்டார்கள். பிடிக்காமல் போயிருந்தால்? அந்த நாவல்தான் இது. எழுதி முடித்து, ரொம்பக் கொடுமையாக இருக்கிறதென்று உள்ளே வைத்துவிட்டார். பழைய பதிப்பகத்தோடு இருந்த பாக்கியைத் தீர்க்க ஒரு புத்தகம் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் வெளியே வந்தது.

கதையில் தந்தை ஒரு டாக்டர். சாவு இயற்கையானது என்று மகளுக்கு விளக்கிச் சொல்பவர். தாய் அந்தப் பேச்சையே எடுக்க விடாதவள். பக்கத்து வீட்டுத் தாத்தா, குழந்தை அழக்கூடாதே என்ற பாசத்தில், புதைத்தால் திரும்பி வரும் ஒரு மலைநிலத்தைக் காட்டிக்கொடுக்கிறார். பூனை திரும்பி வருகிறது, ஆனால் அது பழைய பூனை இல்லை. பிறகு சாலை மகனை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தகப்பன் என்ன செய்வான் என்று நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், என்ன வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்று கத்தத் தோன்றுகிறது. அதே நேரம் அவன் இடத்தில் நான் இருந்தால் என்றும் தோன்றுகிறது. பேயை எடுத்துவிட்டாலும் இந்தப் புத்தகத்தில் ஒரு வரி குறையாது.

அதனால்தான் ஒரு எச்சரிக்கை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு நம் வளாகத்திலும் உண்டு. நீங்களாக இதை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அவர்களாக வந்து கேட்டால், ஒன்றும் சொல்லாமல் கொடுங்கள்.

புத்தகங்களை இரண்டாகப் பிரித்து அடுக்கியாகிவிட்டது. பெரியவர்களுக்கானவை மேல் தட்டில், பூட்டோடு. பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். அறை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை திறந்திருக்கும், சாவி என்னிடம். 'தி டாமிநாக்கர்ஸ்' வேண்டுமென்பவர்கள் கையெழுத்தே போட வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம்.