ரிக்கார்டு யார் சொத்து?

(திருவொற்றியூரில் செய்த பிரசங்கம்)



2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக் கரையோரம் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளியேறிற்று. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறிப் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஏதாவது நேர்ந்தால் நம்மவர் செய்வது இரண்டு. ஒன்று, அம்மனுக்கு வேண்டுதல். மற்றொன்று, 'சமுகத்திற்குத் தாழ்மையுடன்' என்று ஆரம்பித்து ஒரு மகஜர். இவ்விரண்டிற்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. இரண்டிலும் எதிரே இருப்பவர் மனமிரங்க வேண்டும். இரங்காவிட்டால் ஏனென்று கேட்க வழியில்லை. அம்மனாவது சம்பளம் வாங்குவதில்லை.

கேட்க வேண்டியது கருணையல்ல, காகிதம். இங்கு புகை விடுகின்ற, கழிவுநீர் விடுகின்ற ஒவ்வொரு ஆலைக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் இன்னின்ன நிபந்தனை என்று எழுதித்தான் அனுமதி கொடுக்கின்றது. கழிவுநீர் விடக் கொடுத்த அனுமதிகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் பார்க்கலாமென்று 1974-ம் வருஷத்து நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவே சொல்லுகின்றது. இத்தனை வருஷத்தில் உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கின்றீர்கள்? 'சாஸ்திரத்தில் இருக்கின்றது' என்றவனிடம் 'புஸ்தகத்தைக் காட்டு' என்று நாம் கேட்ட அன்றே பாதிப் புரட்டு ஒழிந்தது. 'பைலில் இருக்கின்றது' என்பவரிடமும் அதையேதான் கேட்க வேண்டும்.

கேட்டால் என்ன கிடைக்குமென்கிறீர்களா? எண்ணூர்க் கழிமுகத்தையே பாருங்கள். 1996-ல் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட கடலோரப் படத்தில் அது கட்டடம் கட்டக்கூடாத நீர்நிலம். 2017-ல் தகவல் சட்டப்படி வாங்கிய காகிதங்களை ஒத்துப் பார்த்தவர்கள், மாநில அதிகாரிகள் கொடுத்த படத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகத்தையே காணோமென்று எடுத்துக் காட்டினார்கள்! அகஸ்தியர் சமுத்திரத்தைக் குடித்தாரென்று புராணிகன் சொன்னால் நாம் சிரிக்கின்றோம். இங்கு ஒரு பேனா கழிமுகத்தைக் குடித்திருக்கின்றது. வலை வீசுகிறவனுக்குத் தண்ணீர் எதிரேயிருக்க, படத்தில் மட்டும் இல்லை. இரண்டு படங்களும் வெளியில் வந்திராவிட்டால் இந்த அற்புதம் யாருக்குத் தெரியும்?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவரல்ல. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய் ஸ்டாம்பு போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவ வேண்டியது அதிகாரியின் கடமை. ஒரு ஆபீசில் நம்மை, 'உனக்கு எதற்கய்யா இதெல்லாம்?' என்று கேட்டார்கள். 2005-ம் வருஷத்துச் சட்டத்தின் 6-வது பிரிவில், காரணம் கேட்கக்கூடாதென்று எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினோம். அதன்பின் நாற்காலி வந்தது!

முப்பது நாளில் பதில் வர வேண்டும்; உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். வராவிட்டால் அதே ஆபீசின் மேலதிகாரிக்கு அப்பீல். பிறகு மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். ஆனால் ஆணையத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதையும் மறைக்க மாட்டோம். காகிதம் வந்தவுடன் புகையும் நின்றுவிடாது. மந்திரம் சொல்லி மழை வரவழைக்கிற வித்தை நம்மிடம் இல்லை. நிபந்தனை என்ன, அதை மீறியது யார், சோதனைக்கு வந்த அதிகாரி என்ன எழுதிப் போனார் என்பது கையிலிருந்தால், பிறகு கோர்ட்டிலும் பேசலாம், தெருவிலும் பேசலாம்.

கேள்வியை மட்டும் சுருக்கமாய் எழுதுங்கள். 'ஏன் எங்களைக் கொல்லுகிறீர்கள்?' என்று எழுதினால் 'அப்படி ரிக்கார்டு இல்லை' என்று பதில் வரும். இன்ன ஆலை, இன்ன வருஷம், அனுமதி உத்தரவின் நகல், சோதனை அறிக்கையின் நகல் என்று கேளுங்கள்.

இப்போதே எழுத விரும்புவோருக்காக மேடைக்குக் கீழே தோழர்கள் இருவர் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டிருக்கின்றார்கள். ஸ்டாம்பு மட்டும் நீங்கள்தான் வாங்க வேண்டும்.