யார் தலையிலே இந்தச் சுமை?

நாகரசம்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரி சென்று, கிழக்கே பெருஞ்சாலையில் ஏறுங்கள். பர்கூர் வரும், வாணியம்பாடி வரும், ஆம்பூர் வரும். பிரியாணி மணக்கும் ஊர் என்பீர்கள். உண்மை! அத்துடன் தோலும் மணக்கும் — மணம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்!

ஆவாரம்பட்டையிலே ஊறவைத்த தோலை, அரைப் பதத்திலேயே சீமைக்கு அனுப்பினோம். அங்கே அது காலணியாயிற்று, காசாயிற்று. இங்கே பாலாற்றிலே கறையாயிற்று. 1973-இல் டில்லி அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. தொழில் செத்ததா? இல்லை! பதனிட்ட கை தைக்கக் கற்றது; தோல் விற்ற ஊர் காலணி விற்றது. ஆற்றை மட்டும் எவரும் எண்ணவில்லை. 1996 ஆகஸ்ட் 28-இல்தான், கெடுத்தவரே ஈடு தரவேண்டுமென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலிவாக விற்றோம், அந்த மலிவுக்கு ஆறு விலை கொடுத்தது. இனி யார் கொடுப்பது?

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டது அமெரிக்கா. வியட்நாமுக்கோ அப்போது 20! சுமையை எங்கே இறக்குவது? கூலியிலே குறை என்பான் முதலாளி. அவனுக்கு அது எளிது. அடியட்டையை, அச்சை, இயந்திரத்தை, புது வடிவத்தை இங்கேயே ஆக்குவதுதான் கடினம். அடையாற்றிலே 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை.

விடியுமுன்னே ஆலைப் பேருந்துக்கு நிற்கும் தங்கையைக் கேளுங்கள், மணிக்கு எத்தனை சோடி என்று. தயங்காமல் சொல்வாள். ஒரு சோடி என்ன விலைக்குப் போகிறதென்று கேளுங்கள். அதை அவளிடம் எவரும் சொன்னதில்லை.