ஒரு வரி ரிப்போர்ட் போதாது
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆஸ்பத்திரி லேபில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கம் கேட்க என் வீட்டுக்குச் சிலர் வருவார்கள். சில மாதங்களுக்கு முன் நம் பகுதி அண்ணன் ஒருவர் நுரையீரல் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டுடன் வந்தார். முடிவு ஒரே வரி: "நான் ஸ்மால் செல் கார்சினோமா". தப்பான முடிவு இல்லை. ஆனால் திருச்சியில் பார்த்த டாக்டர், இதை வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது என்றுவிட்டார். எடுத்த சதையும் மீதமில்லை. மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. மூன்று வாரம் வீணானது.

முன்பெல்லாம் அந்த ஒரு வரி போதும். இந்த வகைகளுக்கு ஏறத்தாழ ஒரே சிகிச்சைதான். இப்போது அடினோகார்சினோமா என்றால் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றம் உண்டா என்று பார்க்கிறார்கள். இருந்தால் மாத்திரையாகவே மருந்து உண்டு. புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்குவாமஸ் வகைக்கு வழி வேறு.

அதனால் 2011இல் சர்வதேச நுரையீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, சிறு சதைத் துண்டுகளை எப்படி ரிப்போர்ட் செய்வது என்று முறை வகுத்தன. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதை ஏற்றது. சாரம் இரண்டுதான்: முடிந்தவரை வகையைச் சொல்; அதற்குக் குறைந்த சதையைச் செலவழித்து, மிச்சத்தை மரபணு சோதனைக்கு வை. கிடைப்பதே நூல் போன்ற துண்டு அல்லவா!

நம் வட்டாரத்துக்கு இன்னொரு கவலை உண்டு. குவாரி, கிரஷர் தூசியில் உழைப்பவர்களுக்கு சிலிகோசிஸ் வரலாம். அது வந்தவருக்குக் காசநோய் வாய்ப்பும் கூடும். எக்ஸ்ரேயில் இவையும் புற்றுநோயும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வைக்க முடியாது. காசநோய் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு சலைன் பாட்டிலில் தனியாகப் போக வேண்டும்.

வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை என்றால் நீங்கள் கேட்க வேண்டியவை:

1. காசநோய் சோதனைக்கும் தனியாக அனுப்புகிறீர்களா?
2. புற்றுநோய் என்றால், எந்த வகை? வகை சொல்ல முடியாவிட்டால் காரணம் எழுதியிருக்கிறதா?
3. மரபணு சோதனைக்குப் போதிய சதை பிளாக்கில் மீதி உள்ளதா?
4. "புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை" என்றால், சதை போதுமான அளவு கிடைத்ததா, சரியான இடத்திலிருந்து வந்ததா?

நான்காவதை மறக்காதீர்கள். "காணப்படவில்லை" என்பது "இல்லை" ஆகாது. அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேபில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுரை போல எழுத வேண்டாம். மாதிரியின் அளவு, வகை, செய்த சாயச் சோதனைகள், மீதிச் சதை, அடுத்த ஆலோசனை என்று தலைப்பு போட்டு நிரப்பினாலே எதுவும் விடுபடாது. டாக்டரும் சந்தேகம் என்ன, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். வெறும் "நுரையீரல் சதை" என்று வந்தால் லேப் என்ன செய்யும்?

கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதிமுறையே சொல்கிறது.

அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். அந்த மண்ணுக்காரர்கள் நாம் இந்த நாலு கேள்வியையாவது கேட்போம்.