எந்தக் குறியை நம்புவது?

(செண்பகத்தோப்பில் பேசியதன் சாரம்)

வயிற்றில் புற்று என்று சந்தேகம் வந்ததும் நம் மக்களில் பலர் இன்னமும் முதலில் ஓடுவது குறி சொல்லுகிறவனிடந்தான். அவன் செய்வினை என்பான், கிடா கேட்பான். மூன்று மாதம் போய்விடும். அதற்குள் வியாதி இரைப்பையின் சுவரைத் தாண்டி, நிணக்கணுக்களிலும் ஈரலிலும் குடலைச் சுற்றியுள்ள சவ்விலும் பரவிவிடக்கூடும்.

“டாக்டர்களுந்தானே இரத்தத்தில் குறி பார்க்கிறார்கள், இதற்கும் அதற்கும் என்ன பேதம்?” என்று சிலர் கேட்கிறார்கள். மலையடிவாரத்துக்காரராகிய உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட இந்தக் காடு, 2021இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஈரமண்ணில் காலடி கண்டால் மிருகம் போயிருக்கிறதென்கிறோம். யாரும் போய்ச் சரிபார்க்கலாம். பாறையில் தடமில்லையென்பதால் புலியே இல்லையென்று சொல்லிவிட முடியுமா?

இரத்தக் குறிகளும் அப்படித்தான். 1965இல் கண்டறியப்பட்ட சி.இ.ஏ. என்னும் பொருள், புற்றுள்ளவர் பலருக்கு இரத்தத்தில் ஏறும். ஆனால் இரைப்பைப் புற்றின் ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு ஏறுவதில்லை. பீடி குடிப்பவருக்கோ புற்றில்லாமலே சற்று ஏறும். ஆகையால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சிகிச்சையால் இறங்கியது மறுபடி ஏறினால், வியாதி திரும்பியிருக்கலாமென்று எச்சரிக்கும். அதுவே அதன் உபயோகம். “ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லாப் புற்றையும் சொல்லுவோம்” என்று பணம் பறிப்பவன், கோட்டுப் போட்ட குறிகாரனே.

விஞ்ஞானமும் தவறுவதுண்டு. எலியின் இரைப்பையில் ஒரு புழு புற்றுண்டாக்குகிறதென்ற ஃபிபிகருக்கு 1926ஆம் வருஷத்து நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பின்னால் ஆராய்ந்தவர்கள் அது தவறென்று காட்டினார்கள். பரிசின் பெருமைக்காக யாரும் அந்தப் புழுவைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமியைச் சொன்னபோது டாக்டர்களே நம்பவில்லை. மார்ஷல் 1984இல் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் அது புற்றுக்குக் காரணமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒப்புக்கொண்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியுள்ளவரில் மிகச் சிலருக்கே புற்று வரும். மூச்சையோ மலத்தையோ சோதித்துக் கிருமியைக் கண்டு, மருந்தால் ஒழிக்கலாம்.

புற்று உண்டா, இல்லையா என்பதற்குக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதிப்பதுதான் முடிவு. அச்சதையில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருந்தால் (ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இருக்கும்) அதற்கென்றே ஒரு மருந்து 2010 முதல் உண்டு. பரவிய வியாதியை அது அடியோடு தீர்க்காவிட்டாலும் ஆயுளைச் சில மாதங்களாவது நீட்டுகிறது.

ஆகவே தோழர்களே! ஓயாத அஜீரணம், பசியின்மை, காரணமின்றி மெலிதல், கறுத்த மலம் ஆகிய இவையே நீங்கள் பார்க்கவேண்டிய குறிகள். கண்டதும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். கிடாவுக்கு வைத்திருக்கும் பணம் பஸ் சத்தத்துக்கு மிஞ்சும். குறி சொல்லுகிறவன் உடுக்கை வைத்திருந்தாலும் சரி, இரத்தக் குப்பி வைத்திருந்தாலும் சரி, “இதை எப்படிச் சரிபார்ப்பது?” என்று கேளுங்கள். பதில் சொல்லுகிறவனை மாத்திரம் நம்புங்கள்.