சாவியைக் கையளித்த பின்



கல்முனைப் பகுதியில் அரிசி மூடைகளை ஏற்றி, மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியாகக் கொழும்பு நோக்கிச் செல்லும் ஒரு லொறியை எண்ணிப் பாருங்கள். 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். நள்ளிரவில் மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையே யானைகள் பாதையைக் கடக்கும் பகுதியில், சாரதியின் கண்கள் சொருகுகின்றன. அவ்வேளை முதலாளியின் அழைப்பு வருகின்றது. "இன்னும் எங்கே நிற்கிறீர்?"

முதலாளியைக் குறை கூறிவிடவும் முடியாது. லொறிக்குக் கடன் கட்டுபவர் அவர். விடியுமுன் சரக்கு சேராவிடின் வியாபாரியிடம் பேச்சுக் கேட்பவரும் அவரே. ஆயினும், வீட்டிலிருந்து பேசுபவருக்கு அந்தப் பாதை தெரியாது. சாரதியின் கண் எரிச்சலும் தெரியாது.

அல்குர்ஆனின் இருபத்தெட்டாவது அத்தியாயமான அல்கஸஸில் மத்யன் நகர்ப் பெரியவருக்கும் நபி மூஸா (அலை) அவர்களுக்கும் இடையே நிகழ்ந்த வேலை உடன்படிக்கை கூறப்படுகின்றது. கூலிக்கு அமர்த்தத் தகுந்தவருக்குப் பலமும் நம்பிக்கையும் வேண்டுமென்று அப்பெரியவரின் மகள் எடுத்துரைக்கின்றார். பெரியவரோ எட்டு ஆண்டுகளை நிபந்தனையாக்கி, பத்தாக நிறைவு செய்வதை மூஸா நபியின் விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றார். அவருக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்றும் கூறுகின்றார். இரண்டில் எதனை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறலாகாது என மூஸா நபியும் முன்கூட்டியே பேசிக்கொள்கின்றார். கடமை எதுவரை, விருப்பம் எதிலிருந்து என்பது தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

நம்மிடையே அத்தெளிவு இல்லை. சாவியைக் கொடுக்கும்போது "பார்த்துப் போங்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. பிறகு டயர் வெடித்தால் செலவு யாருக்கு, தாமதித்தால் கூலியில் வெட்டா என்று பாதையோரத்தில் நின்று சண்டை.

சகோதரர்களே! எப்போது நிறுத்தி உறங்குவது, மழையில் எவ்வளவு மெதுவாகச் செல்வது என்பன சாரதியின் தீர்மானமாகவே இருக்கட்டும். பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ மார்க்கம் சலுகை தந்துள்ளது. சுபஹுக்கு அச்சலுகை இல்லை. அதற்காக லொறி நிற்கும் நிமிடங்களைக் கணக்கிடும் முதலாளி சற்றுச் சிந்திக்கட்டும்.

சாரதியே! அச்சுதந்திரம் உமக்குத் தரப்பட்ட அமானிதம். டீசலை வழியில் இறக்கி விற்பதும், சொல்லாமல் வேறு சரக்கை ஏற்றிக் கூலியைப் பையில் போடுவதும் "முதலாளிக்குத் தெரியாது" என்பதனால் ஹலாலாகிவிடாது. ஜீபிஎஸ் கருவியைப் பூட்டிவிட்டார்கள் என்று மனம் நோகும் சாரதிமார் பலர். நியாயமான வருத்தம்தான், ஆனால், அதனைப் பூட்டவைத்தவர்கள் யாரென்பதையும் நாம் அறிவோம்.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணிக்கும் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. மூன்று பயணங்களின் கூலியைச் சேர்த்துத் தருவதாக இழுத்தடிக்கும் முதலாளிமாரே, இன்றிரவு லொறி புறப்படுமுன் அக்கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.